லங்கூரின் வாலும் நரேலா பின்கோடும்

லோதி ரோடு, புது தில்லி
6 ஜூலை 2025

அன்புள்ள ஹம்சா அக்காவுக்கு,

இங்கே என் முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே உன் பிரஷர் தவிர மற்றதெல்லாம் நலம்தானே?

வெட்கக்கேடான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது போனில் சொல்லி நீ சிரிப்பதற்கு முன் நானே சொன்னதாக இருக்கட்டும். போன செவ்வாய்க்கிழமை, ஐம்பத்தெட்டு வயதில், மத்திய அரசின் செக்‌ஷன் ஆபீசரான நான், நூறு பேர் பார்க்க ஒரு குரங்கின் வாலைப் பிடித்து இழுத்தேன். வால் கையோடு வந்துவிட்டது.

நிஜக் குரங்கு இல்லை. நம் ஃபுட்பால் கிளப்பான தில்லி லங்கூர்ஸின் பொம்மைக் குரங்கு. உள்ளே ஒரு ஆள் இருப்பான், கோல் விழுந்தால் குட்டிக்கரணம் போடுவான். கோல் அபூர்வம் என்பதால் அவனுக்கு இடுப்புவலி வந்ததில்லை. அன்று ஸ்டேடியம் வாசலில் கூட்டம் கூட்டி, அந்தக் குரங்கைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கிளப்பின் மார்க்கெட்டிங் ஆசாமி (தலையில் குடுமி, காலில் சாக்ஸ் இல்லை) மைக்கில் சொன்னான்: "நெக்ஸ்ட் சீசன் முதல் நம் புது வீடு நரேலாவில்!" குரங்கு கை தட்டியது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. குடுமியைத்தான் பிடிக்கப் போனேன் அக்கா. வால் குறுக்கே வந்தது.

எட்டு வருடமாக வீட்டிலிருந்து செருப்போடு நடந்து போய்ப் பார்க்கிற மைதானம். பன்னிரண்டு நிமிஷம். நரேலா நாற்பது கிலோமீட்டர். தில்லி அங்கே முடிகிறதா, ஹரியானா ஆரம்பிக்கிறதா என்று கேட்டால் இரண்டு பேரும் "எங்களுடையது இல்லை" என்பார்கள்.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியாதபடி உன் வீட்டுக்காரர் சட்டம் போட்டிருக்கிறார். ஏப்ரலில் ஒரே ஒரு பெனால்டியைப் பற்றி இருபது நிமிஷம் பேசியதற்கு உனக்கு பிரஷர் நூற்றெழுபது ஆனதாம், இனி "ஃபுட்பால்னா தபால்ல" என்று உத்தரவு. அத்திம்பேர் ரிடையர் ஆனாலும் ஆர்டர் போடுவது நிற்கவில்லை.

என் வீட்டுக்காரி ஜலஜாவும் கோபத்தில் இருக்கிறாள், காரணம் வேறு. வீட்டு வேலைக்கு வருகிற இந்திராணி ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டாள். ஒரு மாசமாக எனக்குத் தட்டில் விழுவது உப்புமாவும் பார்வையும்.

உன் தம்பி,
சுந்தரேஷ்

ஓசூர்
14 ஜூலை 2025

அன்புள்ள சுந்துவுக்கு,

பிரஷர் நூற்று நாற்பது. உன் கடிதத்தை அத்திம்பேர் முதலில் படித்து, ஆபத்தில்லை என்று சான்று கொடுத்த பிறகே என் கைக்கு வந்தது. வால் இருக்கும் இடத்தில் அவர் இருமல் வரும்வரை சிரித்தார். அந்த வாலைத் திருப்பிக் கொடுத்தாயா?

இந்திராணி சொல்லாமல் நின்றாள் என்கிறாய். ஜூன் மாதம், உன் ஸ்டேடியத்துக்குப் பக்கத்து ஜங்புராவில் நம் தமிழ் ஜனங்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பை இடித்ததாகப் பேப்பரில் பார்த்தேன். அவள் வீடு அங்கேதானே? அவள் புருஷன் கலியன் உன் ஸ்டேடியத்தில் புல் வெட்டுகிறவன்தானே? அவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் பெண் வைஷ்ணவி, தில்லியில் நான் பாடம் நடத்திய கடைசி வருடம் என் வகுப்பில் இருந்தவள், கட்டுரையில் ஒற்றுப் பிழை விடாத ஒரே பிள்ளை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் இப்போது?

இன்னொன்று. பேரனுக்கு உன்னைப் பற்றிப் பெருமை. எட்டு வருடமாகச் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் தாத்தா உன்னைத் தவிர அவன் வகுப்பில் யாருக்கும் இல்லையாம். உன் சீட் நம்பர் என்ன, டிக்கெட் என்ன விலை என்று கேட்கிறான். எழுது.

உப்புமாவில் நெய் அதிகம் விடச் சொல்லாதே.

ஹம்சா

லோதி ரோடு
27 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி எழுதுகிறேன், காகிதத்தில் வாசனை வந்தால் மன்னி. வால் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அது ஆதாரம், கொடுக்க மாட்டேன்.

கிளப் பயந்துவிட்டது! ஸ்டேடியச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்: "டிமாண்ட் எங்கே இருக்கிறதோ, அங்கே கிளப்." சீசன் டிக்கெட் வேண்டும் என்கிறவர்கள் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். இப்போது பணம் வேண்டாம். ஆகஸ்ட் 31 கடைசித் தேதி. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்வார்களாம். முப்பத்திரண்டு வருடம் ஃபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவனிடம் ஃபாரத்தை நீட்டியிருக்கிறார்கள். தொலைந்தார்கள்.

ஆனால் இந்தக் காலனி இருக்கிறதே! ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டாம் மாடி பாலசுப்ரமணியம் கதவைத் திறந்து, "ஃபுட்பாலா? பையா, நான் கிரிக்கெட் பார்ட்டி" என்று மூடிவிட்டார். ராஜலக்ஷ்மி மாமி, "நன்னா கூச்சல் குறையும், போகட்டும்" என்றாள். மேட்ச் நாளில் இலவசமாக வாணவேடிக்கையைப் பால்கனியிலிருந்து பார்க்கிறபோது மட்டும் இனித்ததா மாமி என்று கேட்டுவிட்டேன். அவள் இனி ஜலஜாவோடு பேச மாட்டாளாம். மற்றவர்களெல்லாம் "அச்சா, அச்சா, ஜரூர்" என்றார்கள். தில்லியில் மூன்று அச்சா சேர்ந்தால் ஒரு இல்லை. நூற்றுப் பதினெட்டு வீட்டில் கையெழுத்து முப்பத்தாறு. வெட்கமில்லாத ஜனங்கள்! வாசலில் இருக்கிற வரை எட்டிப் பார்க்காதவர்கள், போன பிறகு "அந்தக் காலத்தில் நம்ம ஸ்டேடியத்தில்" என்று ஆரம்பிப்பார்கள்.

ஞாயிறுகளில் நரேலா போகப் போகிறேன். விவரம் பிறகு.

சுந்தரேஷ்

ஓசூர்
5 ஆகஸ்ட் 2025

சுந்துவுக்கு,

இங்கே மழை, எல்லோரும் சௌக்கியம். நான் நான்கு கேள்வி கேட்டேன். வாலுக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது. பரீட்சையில் இப்படி எழுதுகிற பிள்ளைகளை நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

நரேலாவுக்குப் போகாமல் தடுக்க நரேலாவுக்கே ஏன் போகிறாய்?

ஹம்சா

லோதி ரோடு
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

வெற்றி! முழங்கால் வீங்கிவிட்டது, ஆனாலும் வெற்றி. உடம்பைப் பார்த்துக்கொள், சந்தோஷத்திலும் பிரஷர் ஏறுமாம்.

கேள். கேம்பை இடித்த பிறகு அங்கிருந்தவர்களில் சிலருக்கு நரேலாவில் ஃப்ளாட் கிடைத்தது. பலருக்கு அதுவும் இல்லை. கலியன் குடும்பத்துக்குக் கிடைத்தது, நாலாம் மாடி. நம் கிழக்கு ஸ்டாண்டில் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியது யார்? லோதி ரோடா? கேம்ப் ஜனங்கள்தான். அவர்கள்தானே உண்மையான டிமாண்ட்! அதனால் ஜோர்பாகில் மெட்ரோ பிடித்து, சமய்பூர் பாத்லியில் இறங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நாலு ஞாயிறு அந்த ஃப்ளாட்டுகளின் கீழே மேஜை போட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் இந்திராணி மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். இடுப்பில் கை.

"வாங்க சார். எங்கள அனுப்புறப்ப வரல. பந்த அனுப்புறாங்கன்னதும் ஓடியாந்துட்டீங்க."

"ஜலஜா உன்னைக் கேட்டாள், இந்திராணி. நீ சொல்லாமலேயே நின்றுவிட்டாயாம்."

"சொல்லாம நின்னேனா? புல்டோசரு சொல்லிட்டா வந்துச்சு?" என்றாள். பிறகு டீ கொடுத்தாள், அதில் சர்க்கரை போடவில்லை. எனக்கு ஷுகர் இருப்பது அவளுக்குத் தெரியும் என்றாலும் இது அந்தக் காரணத்துக்கு இல்லை.

மேஜை, ஃபாரம், மூக்குக் கண்ணாடி போட்ட அரசாங்க ஆள் என்றதும் அரை மணியில் வரிசை கட்டிவிட்டார்கள். வேறு வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஒரு பெரியவர், "சார், யே பானி கே லியே?" என்றார். தண்ணீருக்கு இல்லை, ஃபுட்பாலுக்கு என்றேன். "அச்சா, உஸ்கா பீ லிக் தோ" என்று, அதற்கும் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அக்கா! எல்லாம் நானே என் கையெழுத்தில் நிரப்பியது, கறுப்பு மை. தலைப்பில் சிவப்பு மையில் "பழைய மைதானத்துக்கே" என்று ஒவ்வொன்றிலும் குறிப்பு எழுதினேன்.

கலியனோடு ஒரு சின்னத் தகராறு. முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் அவன், "சார், பழைய விலாசமே போட்டுடலாமா? ஜங்புரா, தில்லி பதினாலு. எல்லாருக்கும் மனப்பாடம்" என்றான். இல்லாத வீட்டுக்கு விலாசமா? பொய்த் தகவல் என்று மொத்த மனுவையும் தள்ளிவிடுவார்கள் என்றேன். "இடிச்சது ஊட்டத்தான சார். பின்கோட இடிக்கலியே" என்றான். வேடிக்கையாகப் பேசுவான். நான் விதியை விளக்கினேன். தற்போதைய முகவரி என்றால் தற்போதைய முகவரி. அவன், "சரி சார், நீங்க சொன்னா சரி" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

ஒரு கட்டமும் காலியாக இல்லை, ஒரு அடித்தல் இல்லை. என் சர்வீஸிலேயே இவ்வளவு சுத்தமான ஃபைல் போனதில்லை.

சுந்தரேஷ்

ஓசூர்
3 செப்டம்பர் 2025

சுந்துவுக்கு,

அத்திம்பேருக்கு ஜலதோஷம். எனக்குக் கோபம். உடம்பு விசாரிப்பு இவ்வளவுதான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மைதானம் உன் வீட்டுக்குப் பக்கத்தில். கலியன் நரேலாவில். காலை ஐந்து மணிக்குப் புல் வெட்ட ஆரம்பிப்பான் என்று நீதான் முன்பு எழுதியிருக்கிறாய். அவன் எத்தனை மணிக்கு எழுந்து, எதில் ஏறி வருகிறான்? நாலு ஞாயிறு அவன் வீட்டுக் கீழே உட்கார்ந்தாயே, கேட்டாயா? மைதானம் அங்கே போய்விட்டால் அவன் வேலைக்கு நடந்தே போவானே? அது உனக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா? தோன்றியும் உன் மேஜைக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறான். அதற்கு மேல், பழைய விலாசம் போடலாம் என்றானே, அது யார் நன்மைக்கு? அதை வேடிக்கை என்கிறாய்.

எனக்கு ஃபுட்பால் தெரியாது. ஆனால் "டிமாண்ட் எங்கே இருக்கிறதோ" என்றால், அந்த "எங்கே"யை அவர்கள் ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் பார்ப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாயா? உன் சிவப்பு மையிலா?

வைஷ்ணவி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்? இது மூன்றாவது முறை. சீட் நம்பரையும் நீ எழுதவில்லை, பேரன் கேட்டுவிட்டு மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

ஹம்சா

லோதி ரோடு
22 செப்டம்பர் 2025

அக்கா,

அயோக்கியர்கள்! இன்று நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை.

கிளப்பிலிருந்து வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மொத்த மனுக்கள் 1,906. பின்கோடு வாரியாக மிக அதிகம் 110040, நரேலா, 437. ரசிகர்களின் விருப்பத்தை மதித்து நரேலாவையே தேர்வு செய்கிறோம். இதற்காக உழைத்த ரசிகர் தலைவர் திரு. சுந்தரேஷுக்கு நன்றி."

நன்றியாம்! சிவப்பு மைக் குறிப்பைப் பற்றிக் கேட்கக் குடுமியிடம் போனேன். "அங்கிள், ஸ்கேனர் மேலே எழுதினதைப் படிக்காது, கட்டத்தைத்தான் படிக்கும்" என்கிறான். படிக்காதாம்! ஒரு அதிகாரி கைப்பட எழுதிய குறிப்பைப் படிக்காத இயந்திரத்தை யார் வாங்கினார்கள்? எந்த விதியின் கீழ்? "அப்ப கட்டத்துக்குள்ளே பின்கோடு ஏன் அவ்வளவு அழகாகப் போட்டீங்க? எங்க மெஷினுக்கு ஒரு எரர்கூட வரல" என்று பாராட்டுகிறான். வால் கையில் இருந்திருந்தால் அதாலேயே அடித்திருப்பேன்.

இது முன்கூட்டியே திட்டமிட்ட சதி. நரேலாவில் நிலம் வாங்கினவன் யாரோ இருக்கிறான். கண்டுபிடித்துப் பத்து பக்கத்துக்கு எழுதுகிறேன்.

சுந்தரேஷ்

ஓசூர்
30 செப்டம்பர் 2025

சுந்துவுக்கு,

437இல் 412 யார் கையெழுத்து?

ஹம்சா

லோதி ரோடு
23 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதம் எழுதவில்லை. தீபாவளிக்குப் போனில் பேசியபோது நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அத்திம்பேர் சட்டத்தை இரண்டு பேரும் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தது அன்றுதான். உங்கள் இருவர் உடம்பும் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்காலுக்கு டாக்டர் நடக்காதே என்றார். எங்கே நடப்பது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

நேற்று நரேலாவில் முதல் மேட்ச். போக மாட்டேன் என்று ஜலஜாவிடம் காலையில் சத்தியம் செய்தேன். பதினொரு மணிக்கு மெட்ரோவில் இருந்தேன். பையில் வால்.

கலியன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். ஐந்து மாதமாக மூன்றே காலுக்கு எழுந்து, மூன்று வண்டி மாறி லோதி ரோட்டுக்கு வந்து புல் வெட்டியிருக்கிறான். மூன்று நாள் தாமதமானதற்கு எச்சரிக்கைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று வந்தால் வேலை இல்லை. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் என் மேஜைக்கு ஆள் கூட்டி வந்திருக்கிறான்.

"ஏன்யா சொல்லவில்லை?" என்று கத்தினேன். ஆமாம், அவனிடம்தான் கத்தினேன். என் கோபம் எப்போதும் சரியான முகவரிக்குப் போனதில்லை.

"நீங்க அவ்ளோ ஆசப்பட்டீங்க சார்" என்றான். "பழைய விலாசம் போட்டா உங்களுக்கு நடக்கும்னு தெரியும். எனக்கென்ன, வேற வேல பாத்துக்கலாம்னு சொன்னேன். நீங்கதான் ரூல் பேசுனீங்க." பிறகு சிரித்தான். "உங்க ரூலால இப்ப மத்தியானம் ஊட்ல சோறு துண்றேன் சார்."

இந்திராணி வாலைப் பார்த்துவிட்டு, "குடுங்க சார், உங்க வால நான் தெச்சுக் குடுத்துட்றேன்" என்று வாங்கிக்கொண்டாள். 'உங்க' என்று அழுத்தித்தான் சொன்னாள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று மூக்கைச் சிந்தாதே. வைஷ்ணவி இன்னும் லோதி ரோடு பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், பதினொன்றாம் வகுப்பு. இதுவரை அப்பாவோடு அதே இருட்டு பஸ்ஸில் வந்து, பள்ளிக்கூட வாசல் திறக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். இப்போது கலியனுக்கு வேலை நரேலாவில். அவள் தனியாகப் போய் வருகிறாள். மைதானத்தை ஒரு பின்கோடு பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு ஃபாரம் இல்லை. உன் கேள்விக்கு ஏன் பதில் எழுதவில்லை என்றால், பன்னிரண்டு நிமிஷத் தூரத்தில் அந்தப் பெண் விடியற்காலையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும். இனி அந்தப் பெண் வந்து உட்கார ஜலஜா காலையிலேயே கதவைத் திறந்து வைக்கிறாள். "உப்புமாதான் கிடைக்கும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. குடுமி மேல் இருக்கிறது, ஸ்கேனர் மேல் இருக்கிறது, கேம்பை இடித்தவர்கள் மேல் இப்போதுதான் வந்திருக்கிறது, ஐந்து மாதம் லேட்டாக. அதற்கு எனக்கு எச்சரிக்கைச் சீட்டு கொடுக்க யாரும் இல்லை. நீ கொடுத்தாய்.

மேட்சில் தோற்றோம், மூன்றுக்கு ஒன்று. அந்த ஒன்றுக்கு லங்கூர் வாலோடு குட்டிக்கரணம் போட்டது.

உன் தம்பி,
சுந்தரேஷ்

பி.கு. மூன்று கடிதமாக நான் நழுவிய சீட் நம்பர் கேள்வி. கேட்டில் காவலாள் "அங்கிள், டிக்கெட்?" என்றபோது விழித்தேன். கலியன் ஓடி வந்து, ஒவ்வொரு வருடமும் போல, ஒரு பாஸைக் கையில் வைத்துவிட்டுப் போனான். ஆக, பேரனிடம் சொல்: கிழக்கு ஸ்டாண்ட், பதினைந்தாம் நம்பர், விலை கிடையாது. சீசன் டிக்கெட் நான் ஒரு வருடமும் வாங்கியதில்லை. ஊழியர்களுக்கு இரண்டு பாஸ் கொடுப்பார்கள். பதினான்கு கலியனுடையது. எட்டு வருடமாக நான் உட்காருகிற பதினைந்தின் பாஸை நேற்றுத்தான் திருப்பிப் பார்த்தேன். ஹிந்தியில் அச்சடித்திருக்கிறது: ஊழியரின் மனைவிக்கு மட்டும்.